சிரட்டை வைத்த வழி

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் சங்கிலிப்பாண்டிக்கு இரண்டு தொழில். ஒன்று, சீசனுக்கு வருகிற பெரிய வயிறுகளையும் சின்ன வயிறுகளையும் பாறையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து விடுவது. அது எல்லா எண்ணெய்க்காரர்களும் செய்கிறதுதான். இன்னொன்று அவனைத் தேடி வருவது. புத்தி பேதலித்தவர்களை மதுரையிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் கையைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நாவிதர் நல்லக்கண்ணு தலையைச் சிரைத்துவிட்டதும், எலுமிச்சம்பழத்தை அறுத்து உச்சியில் பரபரவென்று தேய்த்து, எண்ணெய் வைத்து, பேரருவிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். முண்டுவார்கள், கடிப்பார்கள். சங்கிலிப்பாண்டி பின்னாலிருந்து இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்துக்கொண்டு, அருவியின் அடியைத் தானும் வாங்கிக்கொண்டு நிற்பான். ஒருத்தரைக்கூட அடித்ததில்லை. "செத்தப் பொறு மக்கா, இந்தா முடிஞ்சிட்டு" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பான். பலபேர் தெளிந்து போயிருக்கிறார்கள் என்று சத்தியம் பண்ணுவான். தெளியாமல் போனவர்கள் திரும்பி வந்து அவனிடம் சொல்லவா போகிறார்கள்?

அவன் பெண்சாதி ஆவுடைத்தாய் ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜின் பின்கட்டில் சீசன் சமையல் பார்த்தாள். குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் அரிசி பருப்பைக் கொடுத்துவிட்டு அருவிக்குப் போய்விடுவார்கள். திரும்பும்போது இலை போட்டிருக்க வேண்டும். அவள் வைக்கிற கத்தரிக்காய்ப் புளிக்குழம்புக்காகவே வருஷா வருஷம் அந்த லாட்ஜைக் கேட்டு வருகிற விருதுநகர்க்காரர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்டவளைத்தான் எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி ஆள் விட்டார் தில்லைநாயகம் சார்.

அவர்தான் தலைமையாசிரியர், நாலாம் வகுப்புக்கும் அவரேதான். ஆவுடைத்தாயின் ஒரே மகள் முப்பிடாதி அவரிடம்தான் படித்தாள்.

"உங்க பிள்ளை மக்கு இல்லம்மா" என்றார். "மக்கா இருந்தாலும் ஒரு மூலையில உக்காந்திருக்கும். இது பாடம் நடக்கும்போதே எந்திரிச்சு ஜன்னலுக்குப் போயிருது. நேத்து பஸ் ஹாரன் கேட்டதும் வெளியவே ஓடிட்டு. சிலேட்டைத் தொலைக்குது, பையைத் தொலைக்குது. கணக்குப் பாதியில நிக்கும்போது காக்கா படம் போட்டுக்கிட்டு இருக்கு."

"அடிச்சுப் பாத்தியளா சார்?"

"அதையும் பாத்தாச்சு. அடியை வாங்கிட்டுக் கையைத் தடவிக்கிட்டே, 'சார், உங்க பிரம்புல எறும்பு ஊருது'ங்குது."

ஆவுடைத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். சார் சிரிக்கவில்லை.

"மூளையில எங்கயோ கோளாறு இருக்கும்மா. காலாண்டுப் பரீட்சைக்குள்ள ஒரு வைத்தியம் பாத்துட்டு வந்து சொல்லுங்க. இல்லேன்னா டி.சி.யை வாங்கிக்கிடுங்க. மத்த பிள்ளைகளையும் நான் பாக்கணும்லா."

அவரும் கெட்ட மனுஷர் இல்லை. ஒரே அறையில் இரண்டு வகுப்பை வைத்துக்கொண்டு தொண்டை கட்டிப்போன மனுஷர்.

வீட்டில் இதைச் சொன்னதும் சங்கிலிப்பாண்டியின் அக்கா ரெங்கம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். பக்கத்து வீடு என்பதால் அவளுக்குத் தெரியாமல் இங்கே ஒரு கடுகு வெடிக்காது.

"நான் எப்பமே சொன்னேம்லா? பிள்ளை நின்ன இடத்துல நிக்குதா? ஒரு வேலை சொன்னா முடிக்குதா? ஏலே தம்பி, ஊரு உலகத்துல இருந்தெல்லாம் உங்கிட்ட வைத்தியத்துக்குக் கொண்டாராவ. உன் வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு யோசிக்கியே?"

சங்கிலிப்பாண்டி மகளைப் பார்த்தான். அவள் வாசலில் சாரலுக்கு நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கையைக் கட்டிக் கொண்டுவரப்படுகிற முகங்களையெல்லாம் அவன் அந்தச் சின்ன முகத்தில் பார்த்துவிட்டான் என்று ஆவுடைத்தாய்க்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்த நோய் அது ஒன்றுதான். தெரிந்த மருந்தும் அது ஒன்றுதான்.

"முத்துததுக்கு முன்னால பாத்துரணும்ளா" என்றான். "மொட்டையப் போட்டு, ஒரு மண்டலம் தண்ணியில நிறுத்துனா சரியாப் போயிரும். நானேதானே பிடிக்கப் போறேன். வலிக்காம பிடிப்பேன்."

"பேச்சிமுத்து மகளைச் சின்னதுல நிறுத்துனாவளாமே, தெரியும்லா?" என்றாள் ஆவுடைத்தாய். "வெறும் தலைவலி அது. இன்னைக்குப் பேரன் பேத்தி எடுத்துட்டா. இன்னும் அவ பேரு கிறுக்கிதான். பஸ்ஸுல ஏறுனா பக்கத்துல ஒருத்தர் உக்கார மாட்டாவ. எம் பிள்ளைக்கு அந்தப் பேரை நீங்க உங்க கையாலயே வைக்கப் போறியளா?"

"அப்ப டி.சி.யைக் குடுத்துட்டா?"

"காலாண்டு வரைக்கும் எங்கிட்ட விடுங்க. நான் பாக்கேன்."

எதைப் பார்க்கப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வீம்புக்குச் சொன்ன வார்த்தை.

மறுநாள் லாட்ஜில் குழம்புக்கு எல்லாம் எடுத்து வைத்தாள். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்னால் உப்பு, புளி, பொடி, வெல்லம் எல்லாவற்றையும் கிண்ணங்களில் வரிசையாக வைத்துக்கொள்வது அவள் வழக்கம். உப்பைப் போட்டதும் உப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுவாள். புளியை ஊற்றியதும் அதைக் கவிழ்ப்பாள். எல்லாக் கிண்ணமும் கவிழ்ந்துவிட்டால் குழம்பு முடிந்தது. அன்றைக்கு உப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் ஏன் இப்படிச் செய்கிறேன்?

ஏனென்றால், கவிழ்க்காவிட்டால் அவளுக்கு நினைவிருக்காது. சின்ன வயதில் உப்பை இரண்டு தடவை போடுவாள், இல்லாவிட்டால் போடாமலே இறக்குவாள். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு ஆற்றில் மீன் பார்க்கப் போய்விடுவாள். வாங்காத அடி இல்லை, கேட்காத ஏச்சு இல்லை. எப்போதோ ஒரு நாள் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தாள். அது கைக்கு வந்துவிட்டது. பிறகு அதை அவளே மறந்துபோனாள். ஊர் அவளைக் கைமணக்காரி என்றது, அவளும் நம்பிவிட்டாள். அடி பாவி, அந்தப் பிள்ளை வேறு எங்கிருந்தும் வரவில்லை, உன் வயிற்றிலிருந்துதான் வந்திருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வந்த அழுகைக்குத் தாளிப்புப் புகையின் மேல் பழியைப் போட்டாள்.

வீட்டில் கிண்ணத்துக்கு எங்கே போவது? தேங்காய்ச் சிரட்டைகளைத் தேய்த்துக் கழுவினாள். ஒன்றில் பல் விளக்க உமிக்கரி, ஒன்றில் தலைக்கு ரிப்பன், ஒன்றில் பழையதுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய், ஒன்றில் சிலேட்டுக் குச்சி. வரிசையாக வைத்து, "ஒவ்வொண்ணா முடிச்சுட்டுக் கவுத்தணும். எல்லாத்தையும் கவுத்திட்டா பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிறலாம்" என்றாள். முப்பிடாதிக்கு ஒரே குஷி. ஆவுடைத்தாய் தண்ணீர் எடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாச் சிரட்டைகளும் கவிழ்ந்திருந்தன. உமிக்கரி தரையில். ஊறுகாய் ரிப்பனில். பிள்ளை இரண்டு குச்சிகளை எடுத்துச் சிரட்டைகளின் மேல் கொட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையே எரிந்தது.

"ஏட்டி, எல்லாத்தையும் ஏன் ஒண்ணா கவுத்துனே?"

"எல்லாம் ஒண்ணா இருந்துச்சும்மா" என்றாள் பிள்ளை அழுதுகொண்டே.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்று லாட்ஜில் காய் நறுக்கும்போதெல்லாம் அதையே யோசித்தாள். மறுநாள் வரிசையை உடைத்தாள். உமிக்கரிச் சிரட்டை கிணற்றடியில், ரிப்பன் கண்ணாடிக்குக் கீழே, ஊறுகாய் அடுப்பு மேடையில், குச்சி பைக்கு மேலே, பை வாசலில். ஒன்றை முடித்து அந்த இடத்தை விட்டு நகர்ந்தால்தான் அடுத்தது கண்ணில் படும். "பல் விளக்கிட்டுக் குளிச்சிட்டுத் தலைசீவிட்டு வா" என்று ஒரே மூச்சில் ஏவுவதை விட்டாள். நடுவில் பிள்ளை அசைவற்று எதையாவது பார்த்துக்கொண்டு நின்றால், "அடுத்த சிரட்டை எங்கன இருக்கு?" என்று மட்டும் கேட்பாள். சில நாள் வேலை நடந்தது. சில நாள் கண்ணாடிக்கும் அடுப்புக்கும் நடுவில் பிள்ளை காணாமல் போய், தெருவில் கோழிக்குஞ்சு எண்ணிக்கொண்டிருந்தது. ஆவுடைத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு போய்க் கூட்டி வந்தாள்.

ரெங்கம்மாள் கன்னத்தில் கை வைத்தாள்.

"பொம்பளைப் பிள்ளை கையில சிரட்டையைக் குடுக்கியே, பிச்சை எடுக்கவா விடப்போறே?"

"ஆமா மதினி. முதல்ல உங்க வீட்டு வாசலுக்குத்தான் வருவா. நல்ல சோறாப் போடுங்க."

பள்ளிக்கூடத்துக்கும் போனாள். இந்தத் தடவை யாரும் கூப்பிடவில்லை.

"சார், அவளை முன்னால, உங்க மேசைக்குக் கிட்ட உக்கார வையுங்க. ஒரு நேரத்துல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டு கணக்குப் போட்டதும் பானைக்குத் தண்ணி எடுத்து ஊத்தச் சொல்லுங்க. வந்து அடுத்த ரெண்டைப் போடுவா."

"ஏம்மா, உன் பிள்ளைக்குன்னு நான் தனிப் பள்ளிக்கூடமா நடத்துதேன்? வைத்தியம் பாக்கச் சொன்னா எனக்கு வேலை சொல்லுதே?"

"பானையில தண்ணி யாராவது ஊத்தத்தானே சார் வேணும்? அவ ஊத்தட்டுமே."

சார் பிரம்பை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டார். ஆனால் பானை அடிக்கடி காலியாகிற பானை. அந்த வாரத்திலிருந்து முப்பிடாதி தண்ணீர் ஊற்றினாள். கணக்கும் அரைகுறையாக நகர்ந்தது.

ஆடி நடுவில் ஒரு சாயங்காலம் பிள்ளையே சிரட்டைகளை எடுத்து மறுநாளைக்கு வைக்க ஆரம்பித்தாள். எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அம்மாவுடன் சண்டை வேறு. ரிப்பன் கண்ணாடிக்குக் கீழே இருந்தால் தெரியவில்லையாம், ஆணியில் தொங்க வேண்டுமாம். ஆவுடைத்தாய் ஆணியை அடித்துக் கொடுத்தாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டு அவள் ஒருவரிடம் தோற்றதில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அசந்துவிட்டாள். லாட்ஜில் எல்லா அறையும் நிரம்பி, அடுப்பை விட்டு நகர முடியவில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்று சிரட்டையும் வைக்கவில்லை. சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு, "அப்பாகிட்டக் குடுத்துட்டுச் சட்டியை வாங்கிட்டு வரும்போது கடையில கறிவேப்பிலை வாங்கிட்டு வா" என்று மூன்றையும் ஒன்றாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

சந்நிதி பஜார் முக்கில் ஒரு பஸ் சகதியில் சக்கரம் புதைந்து நின்றது. ஆட்கள் இறங்கித் தள்ளினார்கள். முப்பிடாதி தூக்குச்சட்டியைச் சுவரோரம் வைத்துவிட்டு ஓடிப்போய் அவளும் தள்ளினாள். பஸ் கிளம்பியதும் எல்லாரோடும் சேர்ந்து ஓவென்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால் சட்டியைக் குரங்குகள் திறந்து வைத்துக்கொண்டு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அவளுக்கு அதுவும் வேடிக்கைதான்.

சங்கிலிப்பாண்டி அன்று காலையிலிருந்து ஒரு முரட்டு ஆளைப் பிடித்து நிறுத்தி, பசியோடு உட்கார்ந்திருந்தான். பிள்ளை வெறுங்கையோடு வந்து பஸ் தள்ளின கதையைக் கண் மின்னச் சொன்னாள். கூடத் தொழில் பார்க்கிற பால்வண்ணநாதன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "ஊர்ப் பைத்தியத்தையெல்லாம் பிடிச்சு நிறுத்துதே. வீட்டுப் பைத்தியத்தை அவுத்து விட்டிருக்கியே பாண்டி." பாறையில் எண்ணெயோடு உட்கார்ந்திருந்த ஆட்களும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைக் காதில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான்.

"வெள்ளிக்கிழமை காலையில. நல்லக்கண்ணு அண்ணாச்சிக்கிட்டச் சொல்லியாச்சு."

"காலாண்டு வரைக்கும்னு நான் கேட்டேம்லா?"

"என் சோத்தைக் குரங்கு திங்குது. இன்னும் என்னத்தைப் பாக்கணும்?"

"அது என் தப்பு. அன்னைக்குச் சிரட்டை வைக்கல. மூணு வேலையை மொத்தமா சொல்லிட்டேன்."

"ஆயுசுக்கும் அவ பின்னாலயே சிரட்டை வச்சுக்கிட்டு அலைவியோ?"

"வைப்பேன். இப்பவே பாதியை அவளே வைக்கா. மீதியையும் வச்சுக்கிடுவா. நொண்டுத பிள்ளைக்குக் கம்பைக் குடுப்பியளா, காலை வெட்டுவியளா?"

"வாயப் பாரு வாயை" என்றாள் ரெங்கம்மாள், எலுமிச்சம்பழங்களை மடியில் கட்டிக்கொண்டே. "அருவித் தண்ணி காலை வெட்டிருமாக்கும்?"

சங்கிலிப்பாண்டி சத்தம் போடவில்லை. அதுதான் மோசம். "பயமா இருக்குளா" என்றான் தணிந்த குரலில். "நான் பாத்ததை நீ பாக்கல. கையைக் கட்டிக் கூட்டிட்டு வரும்போது பெத்தவ முகம் எப்படி இருக்கும் தெரியுமா?"

ஆவுடைத்தாய்க்கு அவன் மேல் இரக்கமாக இருந்தது. இரக்கப்பட்டு மகளைக் கொடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. சாரல் பொடியாக விழுந்துகொண்டிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது ஓடிவிடலாமா என்று பார்த்தாள். ஓடினால் ஊர் சொல்வது உண்மையாகிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமையும் வரும், அதற்கு அடுத்ததும் வரும். "நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னாள். ரெங்கம்மாள் ஜெயித்துவிட்ட நடை நடந்தாள். என்ன செய்யப் போகிறோம் என்று ஆவுடைத்தாய்க்குப் பேரருவி இரைச்சல் கேட்கிறவரைக்கும் தெரியாது.

நல்லக்கண்ணு பாறை மறைவில் பெட்டியைத் திறந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு தட்டைக் கல். நல்ல கூட்டம். பால்வண்ணநாதன் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று வேடிக்கை பார்த்தான். சங்கிலிப்பாண்டி மகளின் தோளைப் பிடித்து, "உக்காரு மக்கா" என்றான்.

பிள்ளை உட்கார்வதற்கு முன்னால் ஆவுடைத்தாய் உட்கார்ந்துவிட்டாள். கொண்டையை அவிழ்த்தாள். பக்கத்தில் ஓடுகிற தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி உச்சியில் ஊற்றிக்கொண்டாள்.

"முதல்ல எனக்குச் சிரையுங்க அண்ணாச்சி."

நல்லக்கண்ணு கத்தியைத் தூரத் தள்ளி வைத்தார். "தாயி, தாலி கட்டியிருக்க பிள்ளை. காலங்காத்தால என்ன பேச்சு இது?"

"ஏளா, எந்திரி" என்றான் சங்கிலிப்பாண்டி. "எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும். பாக்கணும்னுதானே கூட்டிட்டு வந்திய? அவ தலை எந்தத் தலையில இருந்து வந்துச்சு? இந்தா, இதுல இருந்து. சின்னதுல நான் உப்பை ரெண்டு தரம் போடுவேன். அடுப்பை எரியவிட்டுட்டு ஆத்துக்குப் போயிருவேன். சொன்னது நிக்காது, வச்சது நினைப்பிருக்காது. கிண்ணத்தைக் கவுத்திக் கவுத்தித்தான் குழம்பு வைக்கக் கத்துக்கிட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து தின்னுதியளே, ஒரு நாளாவது உப்புக் கூடிச்சா? பைத்தியக்காரி கைச்சோறுன்னு நாக்குக்குத் தெரிஞ்சுதா? சொல்லுங்க. இது பைத்தியம்னா எனக்குத்தான் முத்திப் போன பைத்தியம். எனக்கு முதல்ல மொட்டையப் போட்டு நிறுத்துங்க. நான் தெளிஞ்சேன்னா பிள்ளையை நிறுத்தலாம்."

"இவளுக்கு என்னமோ ஏறிட்டு" என்றாள் ரெங்கம்மாள்.

"ஆமா மதினி. அந்தப் பழத்தை எந்தலையில தேயுங்க."

ரெங்கம்மாள் மடியை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள்.

முப்பிடாதி அம்மாவின் ஈரமான தலையைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். எதற்கும் பயப்படாத பிள்ளைக்கு உதடு பிதுங்கியது. "அம்மாவுக்கு வேண்டாம்ப்பா. நான் உக்காந்துக்கிடுதேன். ஆடாம உக்காருதேம்ப்பா" என்றாள்.

சங்கிலிப்பாண்டி எத்தனையோ பேரின் திமிறலைத் தாங்கின ஆள். மகள் ஆடாமல் உட்கார்கிறேன் என்று சொன்னதை அவனால் தாங்க முடியவில்லை. கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டான்.

"பெட்டியை மூடுங்க அண்ணாச்சி" என்றான்.

ஆவுடைத்தாய் எழுந்திருக்கவில்லை. "அது பத்தாது. இங்கனதானே சிரிச்சாவ? இங்கனயே சொல்லுங்க."

அவன் பால்வண்ணநாதனைப் பார்த்து, "எம் பிள்ளைக்குக் கிறுக்கு இல்லலே" என்றான்.

"கேக்கல. அருவி இரையுதுல்லா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"எம் பிள்ளைக்குக் கிறுக்கு இல்லலே!"

அவன் குரல் பாறையில் பட்டுத் திரும்பியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். பால்வண்ணநாதன் எண்ணெய்க் கிண்ணத்தைக் குனிந்து ஆராய்ந்தான்.

அப்போதுதான் ஆவுடைத்தாய் எழுந்தாள். முடியை முறுக்கிப் பிழிந்து கொண்டை போட்டாள்.

"வாங்க, பள்ளிக்கூடத்துக்குப் போவோம். சார்கிட்டயும் இதே சத்தத்துல சொல்லணும்."

"இப்பமேவா? எண்ணெயும் துண்டுமா நிக்கேன்ளா."

"எண்ணெயும் துண்டுமாத்தான் வரணும். அவரு வைத்தியம் பாக்கச் சொன்னாருல்லா? வைத்தியரையே கூட்டிட்டு வந்திருக்கேன்னு சொல்லுதேன்."

சங்கிலிப்பாண்டி துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். எண்ணெய்த் தோள் வழுக்குகிறது என்று அவள் சிரித்தாள். கூட்டம் வழி விட்டது. ஆவுடைத்தாய் முன்னால் நடந்தாள்.